போயிருச்சா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். "மெதுவா ஓடுதுன்னா வைரஸ்தான். நீ எதையும் நோண்டாத, நான் பாத்துக்கறேன்" என்றார். அதை உள்ளே வைத்தவரும் அவர்தான் என்று எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது. அது உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. இங்கே எழுதப்போவது அந்த ஒரு வருடத்தைப் பற்றி.

நான் டிடிபி வேலை செய்பவள். பதினொரு வருடமாக வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். கையெழுத்துப் பிரதி வரும். தட்டச்சு செய்வேன், மெய்ப்புத் திருத்தங்களைப் போடுவேன், பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்புவேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே, துணி மடிக்கும் மேசையில்தான் என் கம்ப்யூட்டர் இருந்தது. மகளின் பள்ளிக் கட்டணம் அதிலிருந்துதான் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பெரிய பொருள் அது. ஆனால் வாங்கி வந்த அன்று ஒயர்களை மாட்டி, பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரைத் தட்டி, பாஸ்வேர்டு போட்டவர் அவர். பிறகு எனக்கென்று ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தார். எனக்கு அதில் தவறு எதுவும் தோன்றவில்லை. கேஸ் இணைப்பிலும் ரேஷன் கார்டிலும் மின் அட்டையிலும் அவர் பெயர்தானே இருந்தது.

ஒரு நாள் இரவு தோழிக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். "இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது, அம்மாவிடம் போய்விடலாமா என்று இருக்கிறது" என்று எழுதினேன். எழுதிய பிறகு அது என் கண்ணுக்கே பெரிய வார்த்தையாகத் தெரிந்தது. அழித்துவிட்டேன். "நலமா? அங்கே மழை உண்டா?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "மூச்சு முட்டுதுன்னா ஜன்னலத் தொறந்து வச்சுக்க."

அனுப்பிய கடிதத்தைப் படித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இது அனுப்பாத வரி. நான் எழுதி, நானே அழித்த வரி. எனக்கு வந்தது பயம்.

அதற்குப் பெயர் கீலாகர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். விசைப்பலகையில் விழும் ஒவ்வொரு தட்டலையும், அழிக்கும் விசை உட்பட, வரிசையாகப் பதிந்து வைத்துக்கொள்ளும் நிரல். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும். சேர்த்ததையெல்லாம் யாருக்கோ மெயிலில் அனுப்பும். இதை யாரும் இருட்டுச் சந்தில் போய் வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கண்காணிக்க, ஊழியர்களைக் கண்காணிக்க என்று பகிரங்கமாக விளம்பரம் செய்தே விற்கிறார்கள். மனைவியைக் கண்காணிக்க என்று விளம்பரத்தில் இருக்காது. அதைச் சொல்லத் தேவையுமில்லை.

அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்கு சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் தங்கமானவன். வேலையை ஆரம்பித்ததும், "அக்கா, அட்மின் பாஸ்வேர்டு கேக்குது" என்றான். எனக்குத் தெரியாது. "சாருக்குப் போன் போடுங்க" என்றான். போட்டேன். அவர் நிதானமாக எழுத்து எழுத்தாகச் சொன்னார். வைரஸைத் தேட வைரஸை வைத்தவரிடமே அனுமதி வாங்கினோம். மாலையில் பையன் திரையைக் காட்டினான். பச்சை வட்டத்துக்குள் ஒரு டிக். "ரெண்டு மூணு இருந்துச்சு, எல்லாம் போயிருச்சுக்கா" என்றான். நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரமே, நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் தன்வரலாற்றிலிருந்து அவர் ஒரு சம்பவத்தைச் சொல்லிச் சிரித்தார். அது இன்னும் அச்சேறாத பிரதி. அந்த அம்மாள் யாரிடமும் சொல்லாததை என்னை நம்பிக் கொடுத்திருந்தார். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். என் ரகசியம் போனால் அது என் பாடு. இன்னொருத்தியின் ரகசியம் என் மேசையிலிருந்து போகக் கூடாது.

மே மாத விடுமுறையில் மகளையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன். சிபியூவைப் போர்வையில் சுற்றி, மூட்டை போல மடியில் வைத்துக்கொண்டேன். வத்தலக்குண்டில் பஸ் மாறி, காமக்காபட்டி தாண்டி, வளைவு வளைவாக ஏறி, கொடைக்கானல் சாலையிலிருந்து பிரிந்து பண்ணைக்காடு. சுற்றுலா வண்டிகள் நேராக ஏரிக்குப் போய்விடும். எங்கள் ஊர்ப்பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. பழனி மலையின் இந்தக் கீழ்ப்பகுதியில் காபியும் மிளகும் ஆரஞ்சும் மலைவாழையும்தான். அம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. "லீவுக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "சரி, கைகால் கழுவிட்டு வா" என்றாள்.

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். கடையில் பச்சை டிக் வந்ததைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "எந்த மெஷின்ல வச்சு செக் பண்ணாங்க?" "இதே மெஷின்லதான்" என்றேன். "அக்கா, கெட்டுப்போன மெஷின்கிட்டயே போயி, நீ நல்லா இருக்கியான்னு கேக்கக் கூடாது" என்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்ததை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஒரு கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் இருப்பார். மற்றவர்கள் வெறும் பயனர்கள். ஆன்டிவைரஸ் எதைத் தேட வேண்டும், எதைத் தேடக் கூடாது என்று முடிவு செய்வது அட்மினிஸ்ட்ரேட்டர். 'இந்த ஃபோல்டரைப் பார்க்காதே' என்று ஒரு விலக்குப் பட்டியல் வைக்கலாம். வேவு நிரலை நிறுவுகிறவர்களுக்கு அதை விற்பவர்களே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அந்தப் பட்டியலில் இதைச் சேர்க்கச் சொல்வதுதான். சேர்த்துவிட்டால் காவல்காரன் வீடு முழுக்கச் சுற்றி வருவான், அந்த ஓர் அறையை மட்டும் திறக்க மாட்டான். திரும்பி வந்து 'எல்லாம் சுத்தம்' என்பான். அவன் பொய் சொல்லவில்லை. பார்க்கச் சொன்ன இடத்தையெல்லாம் பார்த்துவிட்டான்.

அதனால் வெளியிலிருந்து பார்க்க வேண்டும். அவளுடைய லேப்டாப்பில், இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் ஒரு மீட்பு நிரலைப் பென்டிரைவில் ஏற்றினோம். என் கம்ப்யூட்டரை அதன் விண்டோஸ் விழித்துக்கொள்வதற்கு முன்னால் அந்தப் பென்டிரைவிலிருந்தே ஓட வைத்தோம். உள்ளே இருப்பது எதுவும் ஓடாத நிலையில், அதன் விலக்குப் பட்டியலுக்குக் கட்டுப்படாமல், வெளியாள் ஒருவர் வந்து அறை அறையாகத் திறந்து பார்ப்பது போல அது பார்த்தது. இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு தடவை மின்சாரம் போய் மறுபடி ஆரம்பித்தோம். பிரிண்டர் சம்பந்தப்பட்டது போலப் பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் அது இருந்தது. கடைப் பையன் நீக்கிய இரண்டு மூன்றும் சாதாரண விளம்பர நிரல்களாக இருந்திருக்கும். இதை அவன் தொடவே இல்லை.

இந்த இடத்தில் எனக்குக் கூடங்குளம் ஞாபகம் வந்தது. 2019 செப்டம்பர் தொடக்கத்திலேயே அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பது அரசின் கணினி அவசரகாலக் குழுவுக்குத் தெரிந்துவிட்டது. அக்டோபர் 29 அன்று அப்படி எதுவும் இல்லை என்கிற தொனியில் அணுமின் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாள் 30ஆம் தேதி, தீநிரல் இருந்தது உண்மைதான் என்று கழகமே ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவரின் கணினியில்தான் அது இருந்தது, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியாக உள்ளன, அவற்றுக்குப் பாதிப்பில்லை என்று விளக்கினார்கள். அப்படியே இருக்கட்டும். 2011இலிருந்து இடிந்தகரைப் பெண்கள் 'பாதுகாப்பானதா?' என்று கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் 'நூறு சதவீதம்' என்பதுதான். கேட்டவளுக்குச் சரிபார்க்கும் உரிமை இல்லாதபோது, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

இரவு அம்மாவிடம் சொன்னேன். வைரஸ் என்ற சொல் அம்மாவுக்குப் புதிதில்லை. இந்த மலையில் அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டர் கொண்டுவரவில்லை, வாழை கொண்டுவந்தது.

கீழ்ப்பழனி மலையில் 1970களில் ஏறக்குறைய 18,000 ஹெக்டேரில் மலைவாழை இருந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சி வாழை. அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனதற்கு முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய். அது ஒரு வைரஸ். வாழையின் குருத்திலும் இலைக்காம்பின் அடியிலும் உட்காரும் அசுவினிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். நோய் முற்றினால் இலைகள் சிறுத்து, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். குலை வராது. ஆனால் ஊருக்கு ஊர் இதைப் பரப்பியது பூச்சியைவிட மனிதர்கள்தான். நோய் கண்ட மரத்தின் பக்கக்கன்று பல வாரங்களுக்குப் பார்க்க நன்றாகவே இருக்கும். அதை நம்பி சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தார்கள், அண்ணன் தோட்டத்தில் நட்டார்கள். எங்கள் பாட்டியின் தோட்டத்துக்கும் அப்படித்தான் வந்தது, சொந்தக்காரர் வீட்டுக் கன்றில்.

"உங்க பாட்டி நோவு வந்த மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டா. சுத்தமாயிருச்சுன்னு நெனச்சா" என்றாள் அம்மா. "மரத்த வெட்டுனா போதுமா? கெழங்கு உள்ள இருந்துச்சு. அதுலேர்ந்து கன்னு வந்துச்சு. வெட்டும்போது மரத்துல இருந்த பூச்சி பூரா பக்கத்து மரத்துக்குப் போயிருச்சு." முதலில் நின்ற மரத்தோடேயே பூச்சியைக் கொல்ல வேண்டும், பிறகு கிழங்கோடு தோண்டி எடுத்து அழிக்க வேண்டும் என்பதை வேளாண்மைக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்களாம். இப்போது திசு வளர்ப்பில் உண்டாக்கிய, வைரஸ் இல்லை என்று ஆய்வகத்தில் சோதித்த கன்றுகள் வருகின்றன. கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. இலையில் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதித்துச் சொல்கிறார்கள். "அப்படி வாங்கி நட்டாலும் வாரத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு காம்பையும் பாக்கணும்" என்றாள் அம்மா. காம்பின் அடியில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சை தெரிகிறதா என்று அவள் பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடுகிறாள் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை. அம்மா தோட்டத்தில் நடக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டரைக் கிழங்கோடு தோண்டினோம். பதினொரு வருட வேலைக் கோப்புகளை மட்டும் தனியே எடுத்தோம். நிரல்கள் எதையும் எடுக்கவில்லை. எழுத்துருக்களை எடுக்கும்போது கை தயங்கியது. அவை அச்சகம் அச்சகமாகப் பென்டிரைவில் வந்தவை, யார் யார் தோட்டத்துக் கன்றுகளோ. அவற்றை விட்டுவிட்டு, வெளியிட்டவர்களிடமிருந்தே திரும்ப இறக்கிக்கொண்டேன். டிஸ்க் முழுவதையும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். பெயர் கேட்ட இடத்தில் இந்தத் தடவை நான் என் பெயரைத் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது. அந்தப் பெண் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். "நீங்க போடுங்கக்கா, நான் பாக்க மாட்டேன்." நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒருவர் எனக்கு அப்படிச் சொன்னார்.

ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி. அது எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதை வைரஸாகவே எடுத்துக்கொண்டு எச்சரிக்க வேண்டும் என்று உலகத்து ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை ஒரு கோப்பில் வைத்தோம். உடனே சத்தம் போட்டது. சரி, காவல்காரன் தூங்கவில்லை.

"இனிமே நூறு சதவீதம் இல்லைன்னு சொல்லலாமா?" என்று கேட்டேன். அவள் வகுப்பில் படித்ததைச் சொன்னாள். 1983இல் அமெரிக்காவில் ஃபிரெட் கோஹன் என்ற மாணவர் தானாகவே நகலெடுத்துப் பரவும் நிரலைச் செய்து காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் வைக்கச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் ஏடில்மன். எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதவே முடியாது என்பதையும் கோஹன் கணித வழியில் நிறுவிவிட்டார். பச்சை டிக்குக்கு 'எனக்குத் தெரிந்தவை இங்கே இல்லை' என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

மூன்று வாரம் நிம்மதியாக வேலை செய்தேன். நான்காவது வாரம் அவரிடமிருந்து போன். மகளின் பள்ளியைப் பற்றிப் பேசிவிட்டு, வைக்கும் முன், "அந்தப் பதிப்பகத்துக்காரங்க பன்னிரண்டாயிரம் தர்றேன்னுட்டாங்க போல, நல்லது" என்றார். அந்தத் தொகை முந்தைய நாள் மெயிலில் வந்தது. என் கம்ப்யூட்டரில் மட்டுமே நான் திறந்த மெயில்.

அன்று ராத்திரி முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன். தாய்ப்பலகைக்குள்ளேயே எதையாவது வைத்துவிட்டாரா, மவுஸுக்குள் வைத்துவிட்டாரா என்றெல்லாம் நினைத்தேன். காலையில் அந்தப் பெண் வந்து, கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. என் மெயில் கணக்கின் அமைப்புகளைத் திறந்தாள். வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் இன்னொரு முகவரிக்குப் போகும்படி ஒரு வரி அங்கே இருந்தது. வேறு இரண்டு கருவிகள் என் கணக்கில் உள்நுழைந்த நிலையிலேயே இருந்தன. பாஸ்வேர்டு மறந்தால் தொடர்புகொள்ள வேண்டிய எண் அவருடைய எண். மரத்தை வெட்டியிருக்கிறேன், கிழங்கையும் எடுத்திருக்கிறேன். கன்று வேறு தோட்டத்தில் நின்றிருக்கிறது.

இதில் எதுவும் திருட்டுத்தனமாக நடக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. அந்தக் கணக்கைத் தொடங்கிய அன்று மீட்பு எண் கேட்டபோது, "உங்க நம்பர் என்னங்க?" என்று கேட்டு நானே தட்டியது அது. அப்போது என்னிடம் சொந்தமாகப் போன் இல்லை. அதன் பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவருடைய எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று எழுதினேன். வங்கிக் கணக்கு. ஆதார். கேஸ். மகளின் பள்ளிப் பதிவேடு. இரண்டு அச்சகங்களின் கணக்குப் புத்தகம். 2023 செப்டம்பரிலிருந்து மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை என் பெயரில்தான் வந்தது; வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி அவருடைய போனுக்குப் போனது. வாட்ஸப்பில் இணைக்கப்பட்ட கருவிகள் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு கணினி இருந்தது. பத்தொன்பது இடங்கள். ஒவ்வொன்றாக மாற்ற நான்கு மாதம் பிடித்தது. எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும் என்றார்கள் சில இடங்களில். அதற்காகத் திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் அலைந்தேன். "வீட்டுக்காரர் நம்பர்தானம்மா, இருந்துட்டுப் போகட்டுமே" என்று ஒரு கவுன்ட்டரில் சொன்னார்கள்.

இதைப் படிக்கும் பெண்களும் மாணவிகளும் ஒரு நோட்டில் இந்தப் பட்டியலை எழுதிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். கணவராக இருக்க வேண்டியதில்லை. அப்பாவின் எண், அண்ணனின் எண், காதலனின் எண். அன்போடு கொடுத்த எண்ணாகவே இருக்கும். வேவு பார்க்க நினைப்பவருக்கு அதற்கு மேல் ஒரு மென்பொருள் தேவையில்லை.

என் பெரிய தவறை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

பிரிவது என்று முடிவானதும் மதுரையில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த சாஃப்ட்வேர் இப்ப எங்க இருக்கு?" என்றார். பெருமையாகச் சொன்னேன், சுத்தமா அழிச்சாச்சு மேடம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதைப் பின்தொடரும் குற்றம் என்று 2013இல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அன்று அது இந்தியத் தண்டனைச் சட்டம் 354டி, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு. ஆனால் அதைக் காட்ட வேண்டிய டிஸ்க்கை நானே துடைத்து வைத்திருந்தேன். மனைவியின் அழைப்பு விவரங்களை அவளுக்குத் தெரியாமல் எடுத்த கணவரின் சான்றை ஏற்க முடியாது, அது அவளது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2024 அக்டோபரில் நம் மதுரைக் கிளைதான் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ரகசியமாகப் பதிவு செய்த கணவன் மனைவி பேச்சை விவாகரத்து வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நீதிமன்றங்களே இன்னும் பேசி முடிக்காத விஷயம். அந்தப் பேச்சில் ஒரு சாட்சியை வைக்க எனக்கு இருந்த ஒரே வாய்ப்பை, ஒரு மதிய நேரத்தில், வீடு துடைப்பது போலத் துடைத்துவிட்டேன்.

அழுக்கைப் பார்த்தால் உடனே சுத்தம் செய்யத்தான் என்னை வளர்த்திருக்கிறார்கள். சிந்திய பால், மாமனாரின் எச்சில் தட்டு, குடித்துவிட்டு வந்தவரின் வாந்தி. யார் சிந்தியது என்று கேட்கும் முன்னே துடைத்துவிட வேண்டும். விருந்தாளி வரும் முன்னே தடயம் போய்விட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி.

இதே மலையில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2001இல் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில், தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி கிடந்தது. ஊர்க்காரர்களும் சூழலியலாளர்களும் அதை அள்ளிக் கொட்டிச் சுத்தம் செய்யவில்லை. வெளியே காட்டினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. பதினைந்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மண் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்பதில் அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. குப்பையை வைத்திருந்ததால்தான் கேள்வியே கேட்க முடிந்தது.

ஆகவே, என்னைப் போல மாட்டிக்கொண்ட ஒருத்தி இதைப் படித்தால் அவளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அவசரப்பட்டு அழிக்காதே. அது திடீரென்று நின்றுபோனால் வைத்தவருக்கு உடனே தெரிந்துவிடும். அதே வீட்டில் அவரோடு இருக்கிறாய் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று முதலில் யோசி. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவை. 181 என்ற பெண்கள் உதவி எண் எந்த நேரமும் எடுக்கும். வேறொருவரின் போனால் திரையைப் படம் எடுத்து வை. முடிந்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, அம்மா வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டு, புது டிஸ்க் போட்டு வேலை செய். வழக்கறிஞர் இதை எனக்குச் சொன்னபோது என் வீட்டுப் பெட்டியில் பூட்ட எதுவும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தோட்டத்துக்குள் இறங்கும்போது நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். மெயில் வேறெங்காவது போகிறதா, எந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன, விலக்குப் பட்டியல் காலியாக இருக்கிறதா, தொடங்கும்போது தானாக ஓடுபவை எவை. பதினைந்து நிமிடம். மாதம் ஒருமுறை வெளியிலிருந்து பென்டிரைவ் சோதனை. இதுவரை ஒன்றும் இல்லை. 'போயிருச்சா?' என்று யாராவது கேட்டால், "போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் இல்லை" என்று சொல்கிறேன்.

பதின்மூன்று வயது மகளுக்கு இந்த வருடம் அதே கம்ப்யூட்டரில் தனிக் கணக்கு திறந்து கொடுத்தேன். உறவுக்காரர் ஒருவர், "பொம்பளப் புள்ள, என்ன பண்றான்னு உனக்குத் தெரியணும்ல? அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு" என்றார். தேடிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்தில் வந்த படத்தில் ஒரு தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். விலையும் அதிகமில்லை. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வெளியில் இருக்கும் ஆபத்தெல்லாம் எனக்கும் தெரியும். அவரும் தன் பயத்துக்கு அன்பு என்றுதான் பெயர் வைத்திருந்தார்.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். என்ன பார்ப்பேன், என்ன பார்க்க மாட்டேன் என்று சொன்னேன். ராத்திரி ஒன்பதரைக்கு இணையம் நிற்கும், அது அவளுக்குத் தெரிந்தே நிற்கும். பயமாக எது வந்தாலும் திட்டாமல் கேட்பேன் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பாஸ்வேர்டு கேட்டது. விசைப்பலகையில் கை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீ போடும்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். தட்டும் சத்தம் கேட்டது. எத்தனை எழுத்து என்று காது தானாக எண்ண ஆரம்பித்தது. குழாயைத் திறந்துவிட்டேன்.